மகன் வீட்டில் ஆறு மாதம்: கவுண்டி நூலகத்துக்குத் தனியாகப் போவது எப்படி

கலிபோர்னியாவில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு முதன்முறையாகப் புறப்படும் பெற்றோர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "பகல் முழுக்க என்ன செய்வது?" தஞ்சை மாவட்டத்தில் கிளை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேறு என்ன சொல்லிவிடப் போகிறேன்? நூலகத்துக்குப் போங்கள். "சனிக்கிழமை கூட்டிப் போகிறேன் அம்மா" என்ற வாக்குறுதியை நம்பி உட்கார்ந்திருக்காமல், தனியாகப் போகப் பழகிக்கொள்ளுங்கள்.

என் மகன் இருப்பது மில்பிடாஸ். அதனால் அந்த ஊர் இருக்கும் சாந்தா கிளாரா கவுண்டியை வைத்தே சொல்கிறேன். கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. முதலில் எந்த நூலகம் யாருடையது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கூபர்டினோ, மில்பிடாஸ், சாரடோகா, லாஸ் ஆல்டோஸ், கேம்பல், மார்கன் ஹில், கில்ராய் ஆகிய ஊர்களின் நூலகங்களைக் கவுண்டி நூலக மாவட்டம் நடத்துகிறது. சான் ஹோசே, சன்னிவேல், மவுண்டன் வியூ, பாலோ ஆல்டோ, சாந்தா கிளாரா நகரங்கள் தனி நூலகம் வைத்திருக்கின்றன. அங்கே தனி அட்டை. கலிபோர்னியா முகவரி இருந்தால் இரண்டு பக்கமும் அட்டை வாங்கிக்கொள்ளலாம், தடை இல்லை.

மில்பிடாஸ் நூலகத்தைத் தேடிப் போகிறவர்கள், எதிரே பழைய பள்ளிக்கூடம் நிற்கிறதே என்று திரும்பிவிட வேண்டாம். 1916-இல் கட்டிய பள்ளியை இடிக்காமல் நடுவில் வைத்து, அதைச் சுற்றிப் புதுக் கட்டடம் எழுப்பி 2009-இல் திறந்தார்கள்.

அட்டை இலவசம். நம் ஊரில் வாங்குவது போல காப்புத்தொகையோ ஆண்டுச் சந்தாவோ கிடையாது. "வரி கட்டாத நாம் போய் ஓசியில் வாங்குவதா?" என்று என் சம்பந்தி கூசினார். நம்மிடம் சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி போகிறதல்லவா, அங்கேயும் வழி அதேதான். சொத்து வரியில் ஒரு பங்கு நூலகத்துக்குப் போகிறது. அதற்கு மேல் நூலகத்துக்கென்றே தனி வீடு ஒன்றுக்கு ஆண்டுக்கு 33.66 டாலர் சிறப்பு வரியும் உண்டு. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் அதை வாடகையில் வசூலித்துவிட்டிருப்பார். கூச்சம் வேண்டாம்.

அட்டைக்குப் பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள். அது ஆளுக்கு அடையாளம். முகவரிக்கு வேறு சான்று கேட்பார்கள். மின்கட்டண ரசீது மகன் பெயரில்தான் இருக்கும். உங்கள் பெயருக்கு அந்த வீட்டு முகவரிக்குத் தபாலில் வந்த உறை ஒன்று இருந்தால் பல நூலகங்களில் போதும். ஊரிலிருந்து யாரையாவது கடிதம் போடச் சொல்லுங்கள். கடிதம் எழுத அவர்களுக்கும் ஒரு சாக்கு. எதுவும் அமையவில்லை என்றால் மகனும் ஒரு அட்டை எடுக்கட்டும், அதை நீங்கள் பயன்படுத்துங்கள். பெரும்பாலும் அவன் எடுத்திருக்கவே மாட்டான்.

தனி அட்டைக்கு நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. யார் எந்தப் புத்தகம் எடுத்தார்கள் என்ற பதிவை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பது கலிபோர்னியாவில் சட்டம். நீரிழிவு பற்றி எடுத்தாலும், உயில் எழுதுவது பற்றி எடுத்தாலும் மருமகளுக்குத் தெரிய வேண்டியதில்லை.

இப்போது தமிழ்ப் புத்தகம். இங்கேதான் நம்மவர்கள் "ஒன்றுமே இல்லை" என்று கையை விரித்துவிடுகிறார்கள். தமிழ் அலமாரி சிறியது என்பது உண்மை. ஆனால் அட்டவணையில் தேடத் தெரியாமல் இருப்பதையும் இல்லையென்று சொல்கிறார்கள். அமெரிக்க நூலகங்கள் தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் மாற்றி எழுத ஒரு கறாரான முறை வைத்திருக்கின்றன. நாம் வாட்ஸ்அப்பில் அடிக்கிற மாதிரி அதில் எழுத மாட்டார்கள். ஒலி எப்படி மாறினாலும் ஒரு தமிழ் எழுத்துக்கு ஒரே ஆங்கில எழுத்து. ச எங்கே வந்தாலும் 'சி' (C) என்ற எழுத்து, 'எஸ்' (S) வராது. க எப்போதும் 'கே' (K), 'ஜி' (G) இல்லை. த எப்போதும் வெறும் 'டி' (T), பக்கத்தில் 'எச்' (H) சேர்க்கக் கூடாது. ப எப்போதும் 'பி' (P), அதாவது பாரதி என்றாலும் பழம் என்றாலும் அதே எழுத்து. சிறுகதை என்று தேட வேண்டுமானால் எஸ் போட்டு, கடைசியில் டி-எச் போட்டு அடித்தால் வெறும் பக்கம் வரும். 'சி, ஐ, ஆர், யு, கே, ஏ, டி, ஏ, ஐ' (cirukatai) என்று அடித்துப் பாருங்கள். மேலேயும் கீழேயும் வரும் புள்ளி, கோடுகளைப் பொதுவாக விட்டுவிடலாம். தமிழ் எழுத்திலும் ஒருமுறை தேடுங்கள். சில பதிவுகளில் இரண்டும் இருக்கும். மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்து மொத்தப் பட்டியலையும் புரட்டுவது எல்லாவற்றையும்விடச் சுலபம்.

வேறு ஊர்க் கிளையில் இருக்கும் புத்தகத்துக்கு முன்பதிவு போட்டால் நம் கிளைக்கே வந்து சேரும். முன்பதிவு அலமாரியில் பெயர்ச் சீட்டோடு வைத்திருப்பார்கள். குடும்பப் பெயரால் அடுக்கும் இடங்களில் நம் பெயரில் தேடினால் கிடைக்காது. எனக்கான புத்தகங்கள் எல்லாம் என் அப்பா பெயரில்தான் காத்திருக்கும். இல்லாத புத்தகத்தை வாங்கச் சொல்லிப் பரிந்துரை எழுதுங்கள். இதைத் தொழில் தெரிந்தவளாகச் சொல்கிறேன்: கேட்க ஆளில்லாத மொழிக்கு எந்த நூலகரும் மேலிடத்தில் காசு கேட்க முடியாது.

எடுப்பதற்கு வரிசை கிடையாது. அட்டையைக் காட்டிவிட்டு, இயந்திரத்தின் தட்டில் புத்தகங்களைக் கட்டாக வையுங்கள். ஒன்றொன்றாகக் காட்ட வேண்டாம், உள்ளே இருக்கும் சில்லை அது மொத்தமாகப் படித்துவிடும். திரையில் வரும் எண்ணிக்கையும் கையில் இருப்பதும் ஒன்றா என்று மட்டும் பாருங்கள். பிந்தினால் அபராதம் இல்லை; தொலைத்தால் விலை கட்ட வேண்டும். படித்துப் பார்த்த புத்தகத்தை நீங்களே அலமாரியில் செருகாமல் தள்ளுவண்டியில் வையுங்கள். இடம் மாறிச் செருகிய புத்தகம் தொலைந்த புத்தகம்தான். இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வற்றியது.

புத்தகம் வேண்டாம் என்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஆங்கிலம் பேசிப் பழகும் குழு நடக்கும் கிளைகளில் போய் உட்காருங்கள். வியட்நாம் பாட்டியும் சீனத் தாத்தாவும் நம்மைப் போலவே தட்டுத் தடுமாறிப் பேசுவார்கள், நம் இலக்கணத்தைப் பார்த்துச் சிரிக்க அங்கே யாரும் இல்லை. பேரக்குழந்தை இருந்தால் கதை நேரம். விட்டுவிட்டுப் போக முடியாது, கூடவே இருந்து கைதட்ட வேண்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை பல நூலகங்களில் தன்னார்வலர்கள் வருமான வரிப் படிவம் நிரப்பித் தருகிறார்கள். மாநிலப் பூங்காக்களுக்கான வாகன நுழைவுச் சீட்டைப் புத்தகம் போலவே கடன் தரும் நூலகங்கள் உண்டு. அதற்கும் முன்பதிவு செய்யலாம். நூலக நண்பர்கள் குழு நடத்தும் பழைய புத்தக விற்பனைக்குக் காலையிலேயே போங்கள். பெட்டியின் எடை உங்கள் பொறுப்பு.

ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம் நிலுவையில் உள்ள முன்பதிவுகளை ரத்து செய்துவிடுங்கள். கடைசிப் புத்தகங்களை வெளியே உள்ள திருப்பல் பெட்டியில் போட்டால் போதும், நூலகம் திறந்திருக்க வேண்டியதில்லை. போட்ட பிறகு கணக்கில் கழிந்ததா என்று மறுநாள் பாருங்கள். அட்டை காலாவதியாகும்வரை லிபி (Libby) என்ற கைபேசிச் செயலியில் மின்னூலும் ஒலிநூலும் ஊரிலிருந்தே எடுக்கலாம். நூலக அட்டையை வைத்துப் படம் பார்க்கும் கேனோபி (Kanopy) தளம் மட்டும் இந்தியாவிலிருந்து நடக்காமல் போகலாம்.