புண்ணிலிருந்து தொடங்காதீர்கள்: பூர்வகுடிகளின் சிறுவர் புத்தகங்களைப் பிள்ளைகளோடு வாசிப்பது

மூன்று வருடத்துக்கு முன், செப்டெம்பர் கடைசிக் கிழமை. சின்னவன் அப்போது முதலாம் வகுப்பு. பள்ளிக்கூடப் பைக்குள் ஒரு கடதாசி: 30ஆம் திகதி எல்லாரும் செம்மஞ்சள் நிற ரீசேர்ட் போட்டுக்கொண்டு வரவும். "ஏனம்மா?" என்று கேட்டான். விஷயம் எனக்கு ஓரளவு தெரியும், ஆறு வயதுப் பிள்ளைக்கு அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியாது. நூலகத்துக்கு ஓடினேன். மேசையில் அடுக்கி வைத்திருந்தவற்றில் ஆகச் சோகமான புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, அன்றிரவே கட்டிலில் வைத்து ஒரே மூச்சில் வாசித்து முடித்தேன். அடுத்த மூன்று இரவும் அவன் எங்கள் நடுவில்தான் படுத்தான். "என்னையும் வந்து கூட்டிக்கொண்டு போவினமோ?"

அந்தச் சட்டைக்குச் சொந்தக்காரிக்கும் அப்போது ஆறு வயதுதான். பிலிஸ் வெப்ஸ்டட் 1973இல், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வில்லியம்ஸ் லேக் பக்கத்தில் இருந்த செயின்ற் ஜோசப்ஸ் மிஷன் வதிவிடப் பள்ளிக்குப் போன முதல் நாள், பாட்டி வாங்கிக் கொடுத்த புதுச் சட்டையைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். திரும்பக் கொடுக்கவேயில்லை. பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோய்த் தங்கவைத்த பள்ளிகள்தான் இந்த வதிவிடப் பள்ளிகள். அவருடைய அந்தக் கதையை வைத்துத்தான் 2013இல் செம்மஞ்சள் சட்டை நாள் தொடங்கியது. 2021இலிருந்து அதே நாள் மத்திய அரசின் விடுமுறை நாளும்கூட.

என்னுடைய பிழை சோகமான புத்தகத்தை எடுத்தது அல்ல, அதை முதலாவதாக எடுத்தது. ஒரு மனிதரை அறிமுகப்படுத்தும்போது "இவருக்குக் கால் போனது" என்று தொடங்குவோமா? பேர், ஊர், பிள்ளைகுட்டி எல்லாம் சொன்ன பிறகுதானே அந்தக் கதை வரும். அந்தக் குடும்பங்கள் எப்படிச் சிரிக்கும், எப்படிச் சாப்பிடும், பிள்ளையை எப்படிக் கொஞ்சும் என்று பார்த்திராத பிள்ளைக்கு, அவர்களிடமிருந்து என்ன பறிக்கப்பட்டது என்பது விளங்காது. பயம் மட்டும்தான் விளங்கும்.

ஆகவே முதல் நாலைந்து புத்தகங்களில் வதிவிடப் பள்ளியே வேண்டாம். மடியில் வைத்து வாசிக்கும் வயதென்றால் சிலீனா கல்லக் எழுதிய 'ஸ்வீற்றஸ்ற் கூலு' என்ற புத்தகத்தைத் தேடுங்கள். பிறந்த குழந்தையைப் பார்க்க வடதுருவத்தின் விலங்குகள் ஒவ்வொன்றாகப் பரிசோடு வரும், அவ்வளவுதான் கதை. வடதுருவப் பூர்வகுடிகளான இனூயிட் மக்களின் தாலாட்டு என்றே சொல்லலாம். ரிச்சர்ட் வான் காம்ப் எழுதி ஜூலி பிளெற் படம் வரைந்த 'லிற்றில் யூ' இன்னும் சின்னது. தடித்த அட்டைப் பக்கங்கள், கடித்தாலும் கிழியாது. பிளெற் கிறீ, மெற்றி என்ற இரண்டு பூர்வகுடி மரபிலும் வந்த ஓவியர். அவருடைய படங்களில் வெள்ளை வெளி நிறைய இருக்கும். அந்த வெளியில் ஒரு சின்னச் சிவப்பு வட்டம் தெரிந்தால் அது சூரியன். சின்னவன் அதைக் கண்டுபிடிக்கிறதையே விளையாட்டாக்கிக்கொண்டான்.

புத்தகத்தைத் தெரிவு செய்ய என்னிடம் ஒரு கோணங்கித்தனமான சோதனை உண்டு. இதற்குள் எங்கேயாவது ஒரு குளிர்சாதனப்பெட்டி இருக்கிறதா? கார், கைத்தொலைபேசி, ஹொக்கி மட்டை எதுவானாலும் சரி. கொஞ்சக் காலம் எங்கள் வீட்டுக்கு வந்த புத்தகங்கள் எல்லாவற்றிலும் இறகும் குதிரையும்தான் இருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை ஒரு நாள் கேட்டான்: "அவையள் எல்லாரும் செத்துப்போச்சினமோ?" கனடாவில் இன்று 630க்கு மேற்பட்ட முதற்குடிச் சமூகங்கள் இருக்கின்றன; இனூயிட்டும் மெற்றியும் அந்தக் கணக்குக்கு வெளியே. ரொறன்ரோ பேருந்தில் அவன் பக்கத்தில் இருந்தவரே அனிஷினாபே என்ற முதற்குடியைச் சேர்ந்தவராக இருந்திருக்கலாம். வாழ்கிறவர்களை இறந்தகாலத்தில் பேசுகிற புத்தகத்தை, படம் எவ்வளவு வடிவாக இருந்தாலும், திரும்ப அடுக்கில் வைத்துவிடுங்கள்.

அடுத்ததாகப் பின்னட்டையைத் திருப்புங்கள். எழுதியவர் எந்தக் குடியைச் சேர்ந்தவர் என்று பேர் சொல்லி இருக்க வேண்டும். 'ஒரு பூர்வகுடிப் பழங்கதை' என்று மொட்டையாக இருந்தால் அது 'ஒரு ஆசியக் கதை' என்பது போலத்தான். அதற்குள் யாழ்ப்பாணமும் இருக்கும், யப்பானும் இருக்கும். பழங்கதை என்றால் யாரிடம் கேட்டது, யார் சொல்ல அனுமதித்தது என்று ஒரு குறிப்பாவது வேண்டும். எல்லாக் கதையும் எல்லா நேரத்துக்கும் உரியதில்லை. அனிஷினாபே மரபில் சில கதைகள் நிலத்தில் பனி கிடக்கும்போது மட்டும்தான் சொல்லப்படும். அதை அறிந்த பிறகு ஒரு புத்தகத்தை ஓகஸ்ட்டில் எடுத்து வந்தும் ஜனவரி வரை வாசிக்காமல் விட்டோம். பிள்ளைகளுக்கு அந்தக் காத்திருப்பே பெரிய விஷயமாக இருந்தது.

பதிப்பகமும் உதவும். பென்ரிக்ரனின் தேய்ற்றஸ் (1980இலிருந்து), நுனாவுட்டின் இன்ஹாபிற் மீடியா போன்றவை பூர்வகுடிகளே நடத்துகிறவை. வின்னிபெக்கின் ஹைவோற்றர் பிறெஸ் வெளியிடும் பட்டியலும் நல்லது. சந்தேகம் இருந்தால் அமெரிக்காவின் நாம்பே புவெப்லோ என்ற பூர்வகுடியைச் சேர்ந்த டெபி ரீஸ் இணையத்தில் எழுதும் விமர்சனங்களைப் பாருங்கள். 2006இலிருந்து எழுதுகிறார், பேர்போன புத்தகம் என்பதற்காக ஒன்றையும் விட்டுவைக்க மாட்டார். நான் ஆசையாக வாங்கி வைத்திருந்த இரண்டு புத்தகங்களை அவர் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தார். வாசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி.

இவ்வளவும் ஆன பிறகு புண்ணுக்கு வரலாம். ஏழெட்டு வயதென்றால் நான் கையில் கொடுப்பது டேவிட் ஏ. றொபேர்ட்சன் எழுதி, அதே ஜூலி பிளெற் வரைந்த 'வென் வீ வேர் அலோன்'. 2017இல் கனடாவின் ஆளுநர் நாயகம் இலக்கிய விருது பெற்றது. ஒரு சிறுமி தன் பாட்டியோடு தோட்டத்தில் வேலை செய்கிறாள். பாட்டியை அவள் கிறீ மொழியில் 'நோக்கொம்' என்று கூப்பிடுவாள். ஏன் இவ்வளவு கலர் கலராக உடுக்கிறீர்கள், ஏன் தலைமயிரை இவ்வளவு நீளமாக விட்டிருக்கிறீர்கள், ஏன் கிறீ பேசுகிறீர்கள், ஏன் எப்போதும் தம்பியோடேயே இருக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். ஒவ்வொரு பதிலுக்கும் இரண்டு பாதி. முதற்பாதி பள்ளியில் பறித்தது. மற்றப் பாதி, யாரும் பார்க்காதபோது பிள்ளைகள் அதைக் களவாகத் திருப்பி எடுத்த விதம். உடுப்புக்கு நிறம் இல்லையென்றால் உதிர்ந்த இலைகளை மேலே அள்ளிப் போட்டுக்கொள்வார்கள். மயிரை வெட்டினால் நீளப் புல்லை எடுத்துப் பின்னி முடிவார்கள்.

வாசிக்கும்போது அந்த இரண்டு பாதிக்கும் நடுவில் நிறுத்தாதீர்கள். பக்கம் திருப்ப முன் பிள்ளை ஏதாவது கேட்டால் "பொறு, அவ சொல்லி முடிக்கட்டும்" என்று சொல்லிப் போய்விடுங்கள். பறித்ததில் நிறுத்தினால் அழுகை. திருப்பி எடுத்ததில் நிறுத்தினால் கேள்வி வரும். எனக்குக் கேள்விதான் வேண்டும்.

நான் இதை வாசித்த அன்று என் அம்மா சோபாவில் இருந்தா. ஆங்கிலம் விளங்காது. "அதென்ன கதை, எனக்கும் சொல்லு" என்றா. சின்னவன்தான் தன் அரைகுறைத் தமிழில் சொன்னான்: "அம்மம்மா, அந்த ஸ்கூலில தலைமயிரை வெட்டிப் போட்டினம். பிறகு அவையள் புல்லால பின்னினவை." அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மூத்தவளைக் கூப்பிட்டு, "வா பிள்ளை, எண்ணெய் வைச்சு விடுறன்" என்றா. பதின்மூன்று வயதுக்காரி, எண்ணெய் என்றாலே ஓடுகிறவள், அன்று வந்து கீழே இருந்தாள். நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கை. எனக்கும் சேர்த்துத்தான். இந்தக் கதைகளை வாசித்தவுடன் "எங்களுக்கும் இப்படித்தான்" என்று வாய் உன்னும். நான் 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து நடந்து வெளிக்கிட்ட சனத்தில் ஒருத்தி. சொல்ல என்னிடமும் நிறைய இருக்கிறது. செத்தவீட்டில் அடுத்த வீட்டுக்காரரின் பிணத்தைக் கட்டிப்பிடித்துத் தன் துக்கத்தை அழுவது எங்கள் பெண்களுக்குப் பழக்கம்தான். ஆனால் பக்கத்தில் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறான். அவர்களுடைய கதை தொடங்கி ஐந்து நிமிடத்தில் எங்களுடைய கதையாகிவிட்டால், அவன் எதைக் கேட்டான்? நான் வைத்திருக்கும் விதி ஒரு நாள் இடைவெளி. இன்று அவர்கள் கதை மட்டும். எங்களுடையது நாளைக்கு, அவனாகக் கேட்டால். இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பள்ளிகளை நடத்தியவை தேவாலயங்கள், காசு கொடுத்தது கனடிய அரசு. கடைசிப் பள்ளி மூடியது 1990களின் பிற்பகுதியில்தான். அதற்கு முன்னமே எங்கள் ஆட்கள் ஸ்காபரோவில் கடை திறந்துவிட்டார்கள். எங்களுக்குக் கதவு திறந்த அதே அரசு என்பதைப் பத்து வயதுப் பிள்ளை தாங்கும். நாங்கள்தான் சொல்லத் தயங்குகிறோம்.

ஒன்பது, பத்து வயதில் எல்லாப் பிள்ளைகளும் கேட்கும் கேள்வி ஒன்று: "அப்ப அம்மா ஏன் விட்டவ?" இதற்குப் பதில் இல்லாமல் புத்தகத்தைத் திறக்காதீர்கள். பூர்வகுடிகளுக்கென்று கனடா வைத்திருந்த 'இந்தியர் சட்டம்' என்பதை 1920இல் திருத்தி, 7 முதல் 15 வயதுவரையான அவர்களின் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்கினார்கள். அனுப்பாத பெற்றோருக்குத் தண்டனை. விட்டது அம்மா இல்லை, எடுத்தது சட்டம். ஜெனி கே டூப்யூயி தன் பாட்டியைப் பற்றி கதி கேசரோடு சேர்ந்து எழுதிய 'ஐ ஆம் நொற் அ நம்பர்' இதற்குப் பொருத்தம். நிபிசிங் முதற்குடியைச் சேர்ந்த ஐரீனுக்கு எட்டு வயது. பள்ளியில் பேருக்குப் பதில் இலக்கம்தான். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த பிள்ளைகளை அப்பா திருப்பி அனுப்பாமல் ஒளித்து வைக்கிறார். பின்னிணைப்பில் உண்மையான குடும்பப் படம் இருக்கிறது. அதை நீங்கள் முதலில் தனியே பாருங்கள். பிள்ளைக்கு முன்னால் தொண்டை அடைக்காமல் இருக்க.

வகுப்புக்குக் கடதாசி இறகுத் தொப்பி செய்கிற வேலை வந்தால் மெல்ல மறுத்துவிடுங்கள். வகுப்பில் ஒரு பூர்வகுடிப் பிள்ளை இருந்தால் "உன்ர வீட்டிலயும் நடந்ததோ?" என்று கேட்கக் கூடாது என்பதை முதலே சொல்லி வையுங்கள்.

பதின்ம வயது வேறு உலகம். மூத்தவளோடு சேர்ந்திருந்து வாசிக்கலாம் என்று போய், "அம்மா, எல்லாத்தையும் பாடமாக்காதேங்கோ" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது இரண்டு பிரதி எடுப்போம், தனித்தனியே வாசிப்போம். கதைக்கிறது காரில் மட்டும். இருவரும் முன்னால் பார்த்துக்கொண்டிருப்பதால் வாய் திறக்கும்.

அவளுக்கு முதலில் பிடித்தது செரி டிமலின் எழுதிய 'த மரோ தீவ்ஸ்'. கனவு காணும் ஆற்றலை மற்றவர்கள் எல்லாரும் இழந்துவிட்ட ஒரு வருங்காலம். பூர்வகுடிகளின் எலும்பு மச்சைக்காக அவர்களை வேட்டையாடுகிறார்கள். தப்பி ஓடுகிறவர்கள் வழியில் ஒருவருக்கொருவர் குடும்பமாகிறார்கள். வரலாறு என்றாலே கொட்டாவி விடுகிற பிள்ளைக்கு இதைக் கொடுங்கள். அந்த வேட்டைக்காரரின் பள்ளிகள் எங்கிருந்து வந்தன என்று தானாகவே தேடிப் போவாள். அடுத்தது அஞ்சலீன் பூலி எழுதிய 'ஃபயர்கீப்பர்ஸ் டோற்றர்'. மிச்சிகனின் சூ செயின்ற் மரியில் வாழும் டோனிஸுக்கு 18 வயது. அப்பா ஒஜிப்வே என்ற பூர்வகுடி, அம்மா வெள்ளையர். குடியின் பதிவேட்டில் பேர் இல்லை. இரண்டு பக்கமும் முழுதாகச் சொந்தமில்லை என்ற அந்தத் தவிப்பு, தமிழ் வகுப்பிலும் பள்ளிக்கூடத்திலும் இரண்டு ஆளாக வாழ்கிற பிள்ளைக்கு நன்றாகப் பிடிபடும். ஆனால் அதில் போதைமருந்து, கொலை, பாலியல் வன்முறை எல்லாம் உண்டு. நீங்கள் வாசிக்காமல் கொடுக்காதீர்கள். 15க்குக் கீழே நான் கொடுக்க மாட்டேன்.

ஒரு சொல் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் புத்தகங்களைப் பற்றிப் பேசும்போது 'குணமாதல்' என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். வருத்தம் வந்தது, மருந்து குடித்தது, போய்விட்டது என்ற மாதிரி. 'ஆறுதல்'தான் கிட்ட வருகிறது. புண்ணும் ஆறும், மனமும் ஆறும், கொதித்த பாலும் ஆறும். எல்லாவற்றுக்கும் நேரம் வேண்டும், தழும்பும் இருக்கும். நல்ல புத்தகங்கள் கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றையும் சரிப்படுத்திக் காட்டுவதில்லை. அப்படிக் காட்டினால் எனக்குச் சந்தேகம் வரும்.

கடைசியாக, நேரம். செப்டெம்பரில் தேடினால் நூலகத்தில் இந்தப் புத்தகங்கள் ஒன்றும் கிடைக்காது. முன்பதிவு வரிசை நீண்டு கிடக்கும். ஜூன் மாதம் பூர்வகுடி வரலாற்று மாதம், 21ஆம் திகதி அவர்கள் கொண்டாடும் நாள். அப்போதே தொடங்குங்கள். தாலாட்டும் தோட்டமும் கோடைக்கு. ஓகஸ்ட் நடுவில் மற்றவற்றுக்குப் பதிவு போட்டால் பள்ளி தொடங்க முன் கைக்கு வரும். போன வருடம் நாங்கள் அப்படித்தான் செய்தோம். 30ஆம் திகதி காலை செம்மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு சின்னவன் சமையலறைக்கு வந்தான். அம்மம்மா பார்த்துவிட்டு, "இது அந்தப் பிள்ளையின்ர சட்டை எல்லோ?" என்று கேட்டா. "ஓம், அவவின்ர பாட்டி வாங்கிக் குடுத்தது" என்று சொல்லிவிட்டு, பாண் தின்னக் குந்தினான்.