பழைய பள்ளிப் பேருந்தைப் புதுப்பிக்கிறீர்களா? முதலில் தரையைப் பாருங்கள்

அமெரிக்காவில் 1950, 60களில் ஓடிய மஞ்சள் பள்ளிப் பேருந்துகளைத் தேடிப்பிடித்து, பழைய கோலத்துக்கே கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். சிறுவயதில் ஏறிப்போன வண்டி என்ற பாசம். அந்தப் பாசம் கண்ணை மறைக்கும்போதுதான் முதல் தவறு நடக்கிறது: இன்ஜின் உறுமிய உடனேயே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள்.

இன்ஜினை மாற்றிக்கொள்ளலாம். இந்த வண்டிகளுக்கு எமன் துருதான். ஜன்னல் வழியே கசியும் மழைநீர் ரப்பர் விரிப்புக்கு அடியில் தங்கி, தரைத் தகட்டை ஓசைப்படாமல் அரிக்கும். பனி உருக உப்புத் தூவும் வட மாநிலங்களில் ஓடிய வண்டி என்றால் அடியிலிருந்தும் அரிப்பு ஏறியிருக்கும். விரிப்பைத் தூக்கி, சக்கர வளைவுகளைச் சுற்றியும் படிக்கட்டின் மூலைகளிலும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால், பெரிய வேலை காத்திருக்கிறது என்று பொருள்.

வண்டி முழுவதும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்பு என்று எண்ணி உதிரிபாகம் தேடுவது அடுத்த தவறு. பெரும்பாலும் சேஸிஸ், அதாவது இன்ஜினையும் சக்கரங்களையும் தாங்கும் அடிச்சட்டம், ஃபோர்டு, ஷெவர்லே, இன்டர்நேஷனல் போன்றவற்றிடமிருந்து வரும். பாடி கட்டியது புளூ பேர்ட், வேய்ன், தாமஸ் போன்ற நிறுவனங்கள். கரூரில் பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். இரண்டின் விவரத் தகடுகளையும் தேடிப் படித்துவிட்டுப் பிறகு கடையேறுங்கள்.

என்னை மிகவும் வருத்துவது, பெயின்ட்டை அவசரமாகச் சுரண்டித் தள்ளுவது. 1939இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் அதன் பேராசிரியர் ஃபிராங்க் சைர் கூட்டிய மாநாட்டில்தான் இந்த மஞ்சள் முடிவானது. விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் கறுப்பு எழுத்து இதன்மேல் தெளிவாகத் தெரியும். பழைய குரோம் மஞ்சளில் இருப்பது ஈய குரோமேட். உலர்ந்த நிலையில் தேய்த்தால் அந்த நஞ்சு தூசியாக நுரையீரலுக்குள் போகும். குழந்தைகள் நடமாடும் வீட்டு முற்றத்தில் இதைச் செய்யவே கூடாது. இன்னொன்றும் உண்டு. பள்ளியிலிருந்து கழிந்த பேருந்து தேவாலயத்துக்கோ முகாமுக்கோ விற்கப்பட்டு, புது வண்ணம் பூசப்பட்டிருக்கும். அடியில் முதல் பள்ளி மாவட்டத்தின், அதாவது அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்திய அமைப்பின், பெயர் இருக்கலாம். மேல்வண்ணத்தைப் பொறுமையாக, ஈரத்தோடு நீக்கி, எழுத்து தெரிந்ததும் படம் எடுத்து, தாளில் அச்செடுத்து வையுங்கள். தேய்த்துவிட்டால் அந்த வண்டி எந்த ஊர்ப் பிள்ளைகளைச் சுமந்தது என்பதற்கான சாட்சியே போய்விடும்.

இருக்கைகளிலும் கவனம் தேவை. 1977 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளில்தான், அமெரிக்க மத்திய அரசின் விதிப்படி, உயரமான மெத்தை முதுகு கட்டாயம். 1955ஆம் ஆண்டு வண்டியில் அவற்றைப் பொருத்தினால் காலம் குழம்பிவிடும். குட்டையான, இரும்புக் கம்பி தெரியும் பழைய இருக்கைகளையே வையுங்கள். ஆனால் அவற்றில் பிள்ளைகளை உட்காரவைத்துச் சாலையில் ஓட்டாதீர்கள். மோதலில் அந்தக் கம்பிகள் முகத்தையும் பல்லையும் உடைக்கும்.

பல துண்டுகளாகப் பூட்டும் பழைய சக்கர வளையங்களை வீட்டில் கழற்றவும் காற்றடிக்கவும் முயலாதீர்கள். வளையம் தெறித்து உயிரிழந்தவர்கள் உண்டு. பாதுகாப்புக் கூண்டு உள்ள பட்டறைக்கே கொண்டுபோங்கள்.

கடைசி பெயின்ட்டுக்கு முன் மாநில விதியைக் கேட்டறியுங்கள். தனியார் வண்டியில் பள்ளி மஞ்சளையும், மினுக்கும் சிவப்பு விளக்குகளையும், பக்கவாட்டில் நீளும் ‘நில்’ பலகையையும் பல மாநிலங்கள் அனுமதிப்பதில்லை. காட்சி வண்டிகளுக்கு விலக்கு உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு வண்ணம் பூசுங்கள்.