‘ஸ்லோ ஆஸ் மொலாசஸ் இன் ஜனவரி’: அடிக்கடி நேரும் தவறுகள்

ஆமை வேகத்தில் நகரும் வேலையையோ ஆளையோ சலித்துக்கொள்ள அமெரிக்கர்கள் சொல்லும் ஆங்கிலத் தொடர் இது; ‘ஜனவரி மாத மொலாசஸ்போல மெதுவாக’ என்று பொருள். மொலாசஸ் என்பது கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் கரிய பாகு. நம் ஊர் சர்க்கரை ஆலைகளில் கழிவுப்பாகு என்பார்கள்.

இந்தத் தொடரைப் பற்றிப் பரவியிருக்கும் பெரிய தவறு, 1919இல் பாஸ்டனில் நடந்த விபத்திலிருந்து இது பிறந்தது என்பது. அந்த ஆண்டு ஜனவரி 15 அன்று, நண்பகல் கழிந்த சிறிது நேரத்தில், நார்த் எண்ட் பகுதியில் 50 அடி உயர இரும்புத் தொட்டி ஒன்று வெடித்துத் திறந்தது. உள்ளே இருந்த சுமார் 23 லட்சம் கேலன் மொலாசஸ் தெருவில் பாய்ந்தது. 21 பேர் இறந்தார்கள், 150 பேர் அளவில் காயமடைந்தார்கள். மாதம் ஜனவரி, பொருள் மொலாசஸ். அதனால் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தத் தொடர் அச்சில் வந்துவிட்டது. தவிர, அன்று பாகு மெதுவாகவும் வரவில்லை. தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமான அந்தப் பாகு, அவ்வளவு உயரத்திலிருந்து ஒரே நேரத்தில் சரிந்ததால், மணிக்கு சுமார் 56 கிலோமீட்டர் வேகத்தில் அலையாகப் புரண்டது. பரவிய பிறகு குளிரில் இறுகியதுதான் மீட்புப் பணியை இன்னும் கொடுமையாக்கியது. சிக்கியவர்களை வெளியே இழுப்பது பெரும்பாடாகிவிட்டது.

உண்மையான பின்னணி மளிகைக் கடை. வெள்ளைச் சர்க்கரை விலை அதிகமாக இருந்த காலத்தில் அமெரிக்க வீடுகளில் இனிப்புக்கு மொலாசஸ்தான். கடையில் மரப் பீப்பாயில் இருக்கும். வாங்குபவர் குடுவையைக் குழாயடியில் பிடிக்க வேண்டும். சாதாரண நாளிலேயே தண்ணீரைவிட ஆயிரக்கணக்கான மடங்கு கெட்டியான திரவம் அது. குளிர் ஏற ஏற அந்தக் கெட்டித்தன்மை வெகு வேகமாகக் கூடும். வடக்கு மாநிலங்களின் உறைபனிக் காலத்தில் குழாயைத் திறந்தால் நூலிழைபோல் இறங்கும், குடுவை நிறையும்வரை காத்திருக்க வேண்டியதுதான். தொடரில் ஜனவரி ஏன் வந்தது என்பதற்கு இதுவே விடை. ஜனவரியில் கோடை கொளுத்தும் ஆஸ்திரேலியாவைப் பற்றி எழுதும்போது ‘இன் ஜனவரி’யை விட்டுவிட்டு, ‘ஸ்லோ ஆஸ் மொலாசஸ்’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள். அப்படியும் முழுப் பொருள் வரும்.

அடுத்த தவறு, நிதானத்தைப் பாராட்ட இதை எடுப்பது. ‘எங்கள் தச்சர் பொறுமையாகச் செதுக்குபவர்’ என்று சொல்ல நினைத்து இந்தத் தொடரைப் போட்டால், வேலையை இழுத்தடிக்கிறார் என்றுதான் படிப்பவருக்குப் படும். இது எரிச்சலில் வரும் பேச்சு. தாமதத்துக்காக மேலதிகாரிக்கோ வாடிக்கையாளருக்கோ எழுதும் கடிதத்தில் வேண்டாம். இணையம், போக்குவரத்து, கிளம்பத் தாமதிக்கும் நண்பர் ஆகியவற்றுக்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

இலக்கணத்தில் இரண்டு இடங்களில் சறுக்குவார்கள். கடைசியில் ‘ஸ்’ ஒலி இருப்பதால் மொலாசஸைப் பன்மையாக்கி ‘ஆர்’ போடுகிறார்கள். அது ஒருமை, ‘இஸ்’தான் வரும். எண்ணிச் சொல்லும் பொருளும் அல்ல, ஆகவே முன்னால் ‘எ’ கூடாது. ஒப்பீட்டில் ‘ஸ்லோ ஆஸ்’, ‘ஸ்லோயர் தேன்’ (slower than) இரண்டும் வழக்கில் உண்டு. கலந்து ‘ஸ்லோயர் ஆஸ்’ என்று எழுதினால் தவறு.

பிரிட்டனில் இந்தப் பாகுக்கு ட்ரீக்கில் என்று பெயர். அங்கே ‘ட்ரீக்கிலில் நடப்பதுபோல’ என்பார்கள். அது சோம்பலைக் குறிப்பதல்ல: எவ்வளவு முட்டிமோதினாலும் வேலை நகராத நிலை. இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.