நோய்க்காலத்தில் கடை வாடிக்கையாளர்களை விட்டுவிடாமல் இருக்க

2020 மார்ச் 18-ஆம் தேதி மலேசியாவில் கோவிட் தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, பினாங்கு லிட்டில் இந்தியாவில் உள்ள எங்கள் மளிகைக் கடையைத் திறக்க அனுமதி இருந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. வீட்டுக்கு ஒருவர், அதுவும் 10 கிலோமீட்டருக்குள் என்று விதி வந்ததும் பாலிக் புலாவ், கூலிம் போன்ற தூரத்து ஊர் ஆட்கள் அறவே நின்றுபோனார்கள். இன்னொரு முறை இப்படி வந்தால் என்ன செய்வது என்று சின்னக் கடைக்காரர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் வேலை, ஒரு நோட்டுப் புத்தகம். எந்த வீட்டில் எந்த அரிசி, யாருக்கு மீன் மசாலையில் காரம் கூடுதல் என்பதெல்லாம் அப்பாவுக்கு மனப்பாடம். அவரே காய்ச்சலில் படுத்தால் கடையின் பாதி அறிவு அவரோடு படுத்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள்: பெயர், போன் நம்பர், வழக்கமான சாமான், வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர் உண்டா, தமிழில் பேசுவதா மலாயிலா.

அப்புறம் போன். வயதானவர்களை அப்பாவோ அம்மாவோதான் கூப்பிட வேண்டும். அந்தக் குரலைத்தான் அவர்கள் நம்புவார்கள். முதல் போனில் விற்க வேண்டாம். "அக்கா, உடம்புக்கு எப்படி? மருந்து வாங்கித் தர ஆள் இருக்கா?" என்று மட்டும் கேளுங்கள். அரிசி தீர்ந்திருந்தால் அவர்களே சொல்வார்கள்.

மற்றவர்களுக்கு வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் போதும்; ஒரே செய்தி பலருக்கும் தனித்தனியாகப் போகும். குரூப் வேண்டாம், ஒருவர் நம்பர் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்குத்தான் செய்தி போகும், அதனால் பில்லிலேயே "இந்த நம்பரைச் சேமித்து வையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். வாரத்துக்கு ஒரு செய்தி போதும்: என்ன இருக்கிறது, என்ன இல்லை, எது விலை ஏறியது. விலை ஏற்றத்தைக் கல்லாவில் வந்து தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள்.

கடையில் யாருக்காவது தொற்று வந்தால் அன்றைக்கே நீங்களே சொல்லிவிடுங்கள். எந்தெந்த நாள் வந்தவர்கள் கவனமாக இருக்க வேண்டும், கடை எப்போது திறக்கும், அவ்வளவுதான். யாருக்கு என்ற பெயர் வேண்டாம். வாடிக்கையாளர் வீட்டு நோய் உங்கள் காதுக்கு வந்தால், அது உங்களோடு நிற்கட்டும்.

கடன்தான் கஷ்டமான இடம். வேலை போனவரிடம் இல்லை என்று சொல்ல மனம் வராது, ஆனால் நாமும் மொத்த வியாபாரிக்குப் பணம் கட்ட வேண்டும். எங்கள் வீட்டில் எடுத்த முடிவு இது: அரிசி, பருப்பு, எண்ணெய், பால்மாவு மட்டும் கடனுக்கு; ஒரு வீட்டுக்கு இத்தனை வெள்ளி (ரிங்கிட்) வரை என்று தொடங்கும்போதே சொல்லிவிடுவது. மாதக் கடைசியில் பாக்கியை அவருக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள். இருபது வெள்ளி கொடுத்தாலும் வாங்கி, அவர் பார்க்கவே கணக்கில் கழியுங்கள்.