பி.சி.ஆர். கிருமிச் சோதனை: கடல் உணவில் எங்கே தவறு நடக்கிறது?

பாம்பன், மண்டபம், தொண்டி கரைகளில் இறங்கும் இறால், நண்டு, கணவாய் எல்லாம் ஏற்றுமதிக்குப் போகும் முன் சால்மோனெல்லா, விப்ரியோ என்ற கிருமிகளுக்கான சோதனையைத் தாண்டியாக வேண்டும். கிருமியை ஆய்வகத் தட்டில் வளர்த்துப் பார்த்தால் சால்மோனெல்லா முடிவுக்குப் பல நாள் ஆகும். கிருமியின் டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்கிக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். சோதனை மறுநாளே சொல்லிவிடுகிறது. சரக்கு கெடுவதற்குள் முடிவு கிடைப்பது பெரிய உதவி. ஆனால் பெரும்பாலான தவறுகள் சாம்பிள் மெஷினுக்குள் போகும் முன்பே நடந்துவிடுகின்றன.

"மெஷினுக்கு இரண்டு மணி நேரம்தானே" என்று, அதற்கு முன் கிருமியைப் பெருகவிடும் வளர்ப்பு நேரத்தைக் குறைப்பதுதான் முதல் தவறு. 25 கிராம் உணவில் ஒரு சால்மோனெல்லாகூட இருக்கக் கூடாது என்பது விதி. பி.சி.ஆர். குழாய்க்குள் போவதோ ஒரு துளியிலும் சிறு பங்கு. அந்த ஒற்றைக் கிருமி அதில் அகப்படுமா? அதனால்தான் 25 கிராமை 225 மில்லி பெப்டோன் நீரில் (கிருமி வளர உதவும் சத்துநீர்) கலந்து, 37 டிகிரியில் ஏறக்குறைய 18 மணி நேரம் பெருக விடுகிறார்கள். உறைந்த இறாலில் அடிபட்டுக் கிடக்கும் கிருமி தேறி எழவும் இந்த நேரம் வேண்டும். சோதனைக் கிட்டின் குறிப்பேட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு முன்னால் எடுத்தால், 'இல்லை' என்று வரும் முடிவை நம்ப முடியாது.

விப்ரியோ விஷயத்தில் நம் கரைப் பழக்கமே குறுக்கே நிற்கிறது. மீன் என்றால் ஐஸில் புதைப்போம். விற்கும் சரக்குக்கு அது சரி, சாம்பிளுக்குச் சரியில்லை. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ, நேரடியாக ஐஸ் பட்டால் நலிந்துவிடும். பிறகு வளர்ப்புநீரில் பெருகாது. சாம்பிளை உடனே 7 முதல் 10 டிகிரிக்குக் குளிர்வித்து, ஐஸ் நேராகப் படாமல் இடையில் தடுப்பு வைத்துக் கொண்டுபோக வேண்டும்.

அப்புறம் கணவாய். அதன் மையிலுள்ள மெலனின் பி.சி.ஆர். வினையையே முடக்கிவிடும். கிருமி இருந்தும் 'இல்லை' என்று வரும். வினை சரியாக நடந்ததா என்று காட்டுவதற்காகவே ஒவ்வொரு குழாயிலும் சேர்க்கும் உள்கட்டுப்பாட்டு டி.என்.ஏ. பெருகியதா என்று பார்க்க வேண்டும். அதுவும் பெருகாமல் 'இல்லை' என்று வந்தால் அதை முடிவாகவே எழுதக் கூடாது. சாம்பிளிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வை இன்னும் நன்றாகச் சுத்தப்படுத்தியோ, நீர்க்கச் செய்தோ மறுபடி ஓட்டுங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஓட்டி முடித்த குழாயை, புதுக் கலவை தயாரிக்கும் மேஜையிலேயே திறந்தால் அதிலுள்ள கோடிக்கணக்கான டி.என்.ஏ. பிரதிகள் அறை முழுக்கப் பரவும். நாளைக்குச் சுத்தமான சரக்கும் 'உண்டு' என்று காட்டும். இடம் எவ்வளவு நெருக்கடியாக இருந்தாலும் இந்த இரண்டு வேலைக்கும் தனி இடம் ஒதுக்கியே ஆக வேண்டும் என்பேன்.

'உண்டு' என்று வந்தாலும் எது உண்டு என்று கேளுங்கள். செத்த கிருமியின் டி.என்.ஏ.வும் சில நேரம் தென்படும் என்பதால், வளர்ப்பு முறையில் உறுதி செய்வது அவசியம். விப்ரியோ இனங்களில் ஒன்றான விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் கடலில் இயல்பாகவே இருப்பது. அதில் எல்லா வகையும் நோய் தராது. நோய் தரும் வகையை அடையாளம் காட்டும் டி.டி.எச்., டி.ஆர்.எச். என்ற மரபணுக்கள் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

சூரை மீனுக்கு இன்னொன்று. வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் என்ற நச்சு வேதிப்பொருள் சேர்ந்துவிடும்; சமைத்தாலும் போகாது. பி.சி.ஆரால் ஹிஸ்டமினைக் காண முடியாது. அதற்கென்று உள்ள வேதிச் சோதனையைத் தனியாகச் செய்தாக வேண்டும்.