ஈ பிளாட் கிளாரினெட்டில் உச்சி ஸ்வரம் பிசிறாமல் நிற்க

வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதுகிறவர்களில் பெரும்பாலோர் வழக்கமான பெரிய கிளாரினெட்டான பி பிளாட்டில் கைபழகியவர்கள். அப்புறம் ஒருநாள் அதைவிடச் சின்னதான, சுருதி கூடின ஈ பிளாட்டைக் கையில் எடுப்பார்கள். பி பிளாட் 66 செ.மீ. இருக்கும் என்றால் இது ஏறத்தாழ 49 செ.மீ.தான். விரல் போடுவது அதே மாதிரிதான். ஆனால் மேல் சி தாண்டியதும் கீச்சென்று கத்தும். என்னிடம் வரும் பசங்க எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "மாஸ்டர், உச்சி ஸ்வரம் ஒரு நேரம் வருது, ஒரு நேரம் வரமாட்டேங்குதே, ஏன்?" மேலே எட்டிப் பிடிக்கப் பார்ப்பதால்தான். அது கீழே இருந்து வளர்த்து எடுக்க வேண்டிய ஸ்வரம்.

முதலில் வாத்தியத்தைப் பாருங்கள். மேல் பாகத்தைத் தனியாகக் கழற்றி, துளைகளை விரலால் மூடி, அடிப்பக்கத்தை உள்ளங்கையால் அடைத்து, வாயால் காற்றை உறிஞ்சுங்கள். உறிஞ்சல் அப்படியே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எங்கேயோ பேடு, அதாவது சாவிக்கு அடியில் துளையை மூடும் மெத்தை, கசிகிறது. அதைச் சரி செய்யாமல் என்ன சாதகம் செய்தாலும் வீண். நம்ம பக்கம் உப்புக்காற்று வேறு. சாவிக்கடியில் இருக்கும் ஊசி ஸ்பிரிங் துருப்பிடித்துத் தளர்ந்தால் பேடு சரியாக உட்காராது. ஊதி முடித்ததும் துடைத்து, பெட்டிக்குள் வைத்து மூடிவிடுங்கள்.

ரீடு, அதாவது ஊதும்போது அதிரும் நாணல் பட்டை, கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும். நான் 3-ஆம் நம்பர் வைக்கிறேன்; நம்பர் கூடினால் கெட்டி கூடும். 2 வைத்தால் கீழே சுகமாகத்தான் இருக்கும், உச்சியில் துவண்டுவிடும்.

அடுத்தது உதடு. மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை ரீடுக்கும் மவுத்பீஸுக்கும் (ரீடு கட்டியிருக்கும் ஊதுமுனை) நடுவில் மேலிருந்து மெதுவாக இறக்குங்கள். அது தட்டி நிற்கும் இடத்தில் ரீடின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கீழுதடு அந்தக் கோட்டில் உட்கார வேண்டும். பி பிளாட் பழக்கத்தில் மவுத்பீஸை அதற்கு மேலும் வாய்க்குள் வாங்கினால் கீச்சும். குறைவாக வாங்கினால் சத்தம் அடைத்துக்கொள்ளும். கடிக்கவே கூடாது. பசங்க ஊதி முடித்ததும் கீழுதட்டை மடித்துக் காட்டச் சொல்வேன். உள்பக்கம் பல் தடம் ஆழமாகப் பதிந்திருந்தால் அன்றைக்கு உச்சி ஸ்வரம் வேண்டாம் என்று நிறுத்திவிடுவேன். கடித்தால் ரீடு அதிர இடம் இருக்காது.

இப்போது சாதகம். பின்பக்கத் துளையில் இடது கட்டைவிரல், முன்னால் இடது கை மூன்று விரல், இவ்வளவுதான் மூடியிருக்க வேண்டும். ஊதினால் எழுத்துப்படி, அதாவது நோட்டில் எழுதும் பெயரில், சி வரும். அதை சட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். காற்றை நிறுத்தாமல், கட்டைவிரல் துளைக்கு மேலே இருக்கும் பின்சாவியையும் அதே கட்டைவிரலால் அழுத்துங்கள். தாரஸ்தாயி பஞ்சமம் வரும், அதாவது எழுத்துப்படி ஜி. அதே காற்றில் இடது ஆள்காட்டி விரலை மட்டும் எடுத்து, வலது சுண்டுவிரலால் ஈ பிளாட் சாவியை அழுத்துங்கள். அதிதாரஸ்தாயி அந்தர காந்தாரம் வரும், எழுத்துப்படி மேல் ஈ. வாத்தியம் ஈ பிளாட் என்பதால் காதில் ஜி-யாக விழும். கிளாரினெட் ஒரு பக்கம் அடைத்த நேர்க்குழாய் போல வேலை செய்கிறது. அதனால்தான் ஆதார ஸ்வரத்தின் அதிர்வைப் போல் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு என்று தாவுகிறது. ஆள்காட்டி விரல் எடுத்த துளை அந்த ஐந்தாவதைத் திறந்துவிடும் வழி. சுண்டுவிரலை மறந்தால் சுருதி கீழே நிற்கும்.

ச, ப, க மூன்றையும் ஊதுவதற்கு முன் பாடிப் பாருங்கள். குரல் எட்டாவிட்டால் கீழ் ஸ்தாயியில் பாடினால் போதும். காதில் கேட்காத ஸ்வரம் வாத்தியத்தில் நிலைக்காது. இது ஒன்றை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. மேலே போகும்போது வாய்க்குள் 'ஈ' என்று சொல்லும் நிலை இருக்கட்டும். நாக்கின் இரு ஓரமும் கடைவாய்ப் பற்களைத் தொடும். 'ஆ'வுக்கு நாக்கு இறங்கினால் ஸ்வரமும் பஞ்சமத்துக்கே, அதாவது எழுத்துப்படி ஜி-க்கு, சரிந்துவிடும். தொடக்கத்தில் நாக்கால் தட்டாமல் வெறும் காற்றிலேயே எடுங்கள். அது நின்ற பிறகு 'தீ' என்று மெதுவாகத் தட்டலாம். 'தா' வேண்டாம், நாக்கை இறக்கிவிடும்.

இது படிந்ததும் மோதிர விரலை எடுத்துவிட்டு டி-யிலிருந்து தொடங்குங்கள். அதே வழியில் உச்சி எஃப் ஷார்ப் கிடைக்கும். சத்தத்தைக் குறைத்தே பழகுங்கள். மெதுவாக ஊதி நிற்கிற ஸ்வரம் தெருவில் டிரம்முக்கு நடுவிலும் நிற்கும்.

வெயிலில் கவனம். குழாய்க்குள் காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). மே மாதக் கல்யாண ஊர்வலத்தில் பத்து டிகிரி வித்தியாசம் சாதாரணம். உச்சியில் அது காதைக் குத்தும். வீட்டில் சேர்த்த சுருதியை நம்பாமல், தெருவில் நின்று கொஞ்ச நேரம் ஊதிச் சூடாக்கிவிட்டு டிரம்பெட்காரரோடு சேருங்கள். ஏறியிருந்தால் பேரலை (மவுத்பீஸுக்கு அடுத்த குட்டைக் குழாய்) ஒரு மில்லிமீட்டர் இழுங்கள். சின்ன வாத்தியத்தில் அதுவே நன்றாகத் தெரியும்; போதாவிட்டால் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளலாம்.