ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு: மதர்போர்டில் எங்கே பார்ப்பது?

கம்ப்யூட்டரின் பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்'. உடனே மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் பொருந்தும் முதன்மைப் பலகை) போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல நேரம் ரேம்தான் (தற்காலிக நினைவகம்) காரணமாக இருக்கும்.

படி 1: கேபினெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். யுஎஸ்பி, லேன் போர்ட்டுகளோடு சேர்ந்திருக்கும் எச்டிஎம்ஐ, மதர்போர்டுடையது. கீழே தனியாக இருப்பது கிராபிக்ஸ் கார்டுடையது. கார்டு இருந்தால் கேபிளை அதில்தான் செருக வேண்டும். ஐ5-12400எஃப் மாதிரி 'எஃப்' என்று முடியும் இன்டெல் பிராசஸர்களில் உள்ளே கிராபிக்ஸே கிடையாது; போர்டில் செருகினால் படம் வராது.

படி 2: சுவிட்சை அணைத்து, பவர் கேபிளைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். பக்கத் தகட்டைத் திறந்து, பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுவிடுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும்.

படி 3: பெரிய ஃபேனுக்கு அடியில் இருப்பது பிராசஸர். அதன் வலப்பக்கம் நீளநீளமாக நிற்பவை ரேம் ஸ்லாட்டுகள். அதற்கும் அப்பால், ஓரத்தில் 24 பின் பவர் கனெக்டர். இனி, மேல் இடது மூலையைப் பாருங்கள்: 4 அல்லது 8 பின் கொண்ட இன்னொரு கனெக்டர் இருக்கும். பிராசஸருக்கான மின்சாரம் இதில்தான் வருகிறது. இது கழன்றிருந்தாலும் ஃபேன் ஜோராகச் சுற்றும். புதிதாக அசெம்பிள் செய்பவர்கள் அடிக்கடி மறப்பதும் இதைத்தான்.

படி 4: ரேமைக் கழற்றி, தங்க நிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிடாமல் பிரஷ்ஷால் தட்டுங்கள். ஊதினால் எச்சில் படும். ஒரே ஒரு ரேமை மட்டும் மாட்டுங்கள். நான்கு ஸ்லாட் போர்டு என்றால் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து இரண்டாவதில். ரேமின் அடியில் இருக்கும் வெட்டு ஸ்லாட்டோடு பொருந்தியபின் அழுத்தினால் 'டக்' என்று கிளிப் மூடும். பொருந்தாவிட்டால் முரட்டுத்தனம் வேண்டாம், திருப்பிப் பாருங்கள்.

படி 5: நாணயம் போல இருக்கும் சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி மாட்டினால் பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பும். அப்புறம் ஆன் செய்து கொஞ்சம் பொறுங்கள். டிடிஆர்5 வகை ரேம் போடும் போர்டுகள் முதல்முறை சில நிமிடம்கூட எடுத்துக்கொள்ளும்.

இன்னும் இருட்டா? போர்டில் குட்டி ஸ்பீக்கர் இருந்தால், ரேமே இல்லாமல் ஆன் செய்யுங்கள். பீப் கேட்டால் போர்டும் பிராசஸரும் உயிரோடுதான் இருக்கின்றன. வேறொரு ரேமைக் கடன் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.